வெறும் சிரிப்பு என்று எழுதாதவர்

நாலு நொடிச் சிரிப்பு ஒன்றை எங்கள் அலுவலக அக்கா ஒரு காலைப்பொழுது முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு வெளிநாட்டுச் சமையல் போட்டி. அதில் தோற்றுப்போன ஒரு முதியவர், நடுவில் அமுங்கிப்போன தன் கேக்கைப் பார்த்துச் சிரிக்கிறார். அவ்வளவுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்துவார். பிறகு ஒரு கையை எடுத்துத் தன் விலாவில் வைத்து, அந்த முதியவரைப் போலவே சத்தம் வராமல் சிரித்துப் பார்ப்பார். சிரிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார். வயிற்றிலிருந்தா, தொண்டையிலிருந்தா, மூக்கிலிருந்தா என்று.

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு விதைக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. எட்டுக் கணினிகள், எட்டு ஹெட்போன்கள், தென்னந்தோப்பைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். காது கேளாதவர்கள் படிப்பதற்காகப் படத்தின் அடியில் எழுத்து ஓடுமே, அதைத்தான் நாங்கள் தயாரித்தோம். எல்லாம் ஆங்கில நிகழ்ச்சிகள். பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு சாத்துவது, நாய் குரைப்பது, யாராவது சிரிப்பது எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். சிரிப்புக்கென்றே கம்பெனி ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. சக்கிள், கிகிள், ஸ்னிக்கர், ஸ்நார்ட், டிட்டர், காக்கிள், கஃபா என்று பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். எது என்று தெரியாவிட்டால் வெறுமனே 'லாஃப்ஸ்' என்று போட்டுவிட்டுப் போகலாம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டோம். அவர் மட்டும் போட மாட்டார்.

"சிரிச்சா சிரிப்புதானுங்களே அக்கா, இதுக்குப் போயி இத்தன நேரமா?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லூரியை முடித்துவிட்டு, கிழக்கே எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். அவருக்கு நாற்பது இருக்கும்.

"கேக்க முடியாத ஆளுக்கு நம்மதான்ப்பா காது. அவன் ஏமாந்துறக் கூடாதுல்ல" என்றார்.

பிறகு, நான் கேட்காமலே, ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டினார். "சக்கிள்னா வாய் தெறக்காது. தனக்குள்ள ஒரு நெனப்பு, அதுக்கு அவனே சிரிச்சுக்கிறான். கிகிள் தொண்டைக்கு மேல. நிறுத்தணும்னு நெனச்சாலும் நிக்காது. நீ சிரிக்கிறயே, அது. ஸ்னிக்கர் மூக்கு வழியா வரும். அடுத்தவன் வழுக்கி விழுந்தாத்தான் வரும் அது. டிட்டர், நாலு பேரு இருக்கிற எடத்துல சிரிக்கலாமா கூடாதான்னு தெரியாம விடுறது. கஃபா இருக்கே, அத நான் செஞ்சு காட்ட முடியாது. தன்னால வெடிக்கணும்."

அந்த முதியவரின் சிரிப்புக்கு மத்தியானம் சோறு தின்னும்போதுதான் அவருக்கு விடை கிடைத்தது. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்து 'ரூஃபுல் சக்கிள்' என்று அடித்தார். வருத்தம் கலந்த, தனக்குள்ளான சிரிப்பு. அதற்குள் நாங்கள் தலைக்கு மூன்று வேலை முடித்திருந்தோம்.

அவருடைய சொந்த ஊர் குமுளிக்கு அருகே சக்குபள்ளம். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தார். தபால்வழியில் ஆங்கிலம் படித்தது அதற்குப் பிறகுதான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் இறந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மகளுடைய படிப்புக்காக ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருந்துவிட்டார். இருபது வருஷம் சித்தூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை. பெண்பிள்ளையான என்னையும் 'ப்பா' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவதைக் கேட்டு, "ஏப்பா, என்னைய அடிச்சாக்கூட 'அடிக்கிறேனுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் அடிப்பீகளா?" என்பார்.

சிரிப்பைப் பிரித்துக் கேட்கும் இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். புத்தகம், அகராதி என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏலச்செடி ஆள் ஒசரத்துக்கு மேல நிக்கும். உள்ள குனிஞ்சு காய் எடுக்கிற பொம்பளைகளுக்கு யார் வாரான்னு தெரியாது. சத்தம்தான். சூப்பர்வைசர் வழில யார்கூடயாச்சும் பேசிச் சிரிச்சிட்டு வருவான். அந்தச் சிரிப்ப வச்சுத்தான் எங்கம்மா சொல்லும், இன்னைக்கு ஒண்ணுமில்ல, எடுங்க. இல்லாட்டி, எல்லாரும் சேந்து நில்லுங்கடி, ஒத்தைல யாரும் நிக்காதீக. எனக்கு அஞ்சு வயசு இருக்கும். லீவு நாள்ல அம்மாகூடப் போயி உக்காந்து நானும் கேப்பேன்."

அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். எங்கள் மேனேஜர் புதிதாக வந்து ஒரு வாரமோ பத்து நாளோ ஆகியிருந்தது. நல்ல சட்டை, நல்ல பேச்சு, எல்லாருக்கும் முதல் நாளே பாலக்காட்டிலிருந்து பலகாரம் வாங்கி வந்திருந்தார். அக்கா கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தபடி, "அந்த ஆளு சிரிக்கிறப்பக் கண்ணு சிரிக்க மாட்டேங்குது, யாரு எங்க உக்காந்திருக்கான்னு பாக்குது. கவனமா இரு" என்றார். நான் அதற்கும் சிரித்தேன். கிகிள்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. எங்களில் ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, "மாப்பிள்ளையோட அம்மா சிரிச்சது ஸ்னிக்கர்" என்று அக்கா சொன்னது அவள் காதுக்குப் போய்விட்டது. அவள் ஒரு மாதம் பேசவில்லை. அதன்பிறகு யார் வீட்டு விசேஷத்துக்கும் அக்காவைக் கூப்பிடத் தயங்கினார்கள். தன் சிரிப்பை அவர் என்னவென்று சொல்லுவாரோ என்று அவர் எதிரில் சிரிக்கவே யோசித்தவர்களும் இருந்தார்கள்.

அவர் தன்னை மறந்து சிரித்து நான் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். கரண்டு போன ஒரு மத்தியானம். எங்களோடு வேலைசெய்த ஒரு தடித்த பையன், சூனியக்காரி சிரிப்பது எப்படி என்று எழுந்து நின்று கொக்கரித்துக் காட்டினான். காட்டி முடித்த கம்பீரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை என்பது அவனுக்கு மறந்துவிட்டது. அவன் விழுந்த சத்தத்தில் கீழிருந்து விதைக்கடைக்காரர் மேலே ஓடிவந்தார். அக்கா வெடித்துவிட்டார். மேசையில் கவிழ்ந்து, மேசையைத் தட்டி, கண்ணீர் வழிய, மூச்சுக்கு நடுவில் "கஃபா… கஃபா…" என்று அந்தப் பையனைக் கையால் காட்டிக்கொண்டே இருந்தார். தன் சிரிப்புக்கும் அவரே பெயர் சொன்னார். எங்களுக்கு அது போதாதா, கரண்டு வரும்வரை சிரித்தோம்.

அவருக்குத் தன் காதின் மேல் இருந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. ஒரு பேட்டி நிகழ்ச்சியில், தன் தகப்பனின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று சிரிப்பதுபோல ஒரு சத்தம் வரும். வேலையைக் கொடுத்தவர்களே அதை முன்கூட்டி 'லாஃப்ஸ்' என்று குறித்து அனுப்பியிருந்தார்கள். அக்கா அதை அடித்துவிட்டு 'அழுகையை அடக்குகிறார்' என்று பொருள்பட எழுதினார். திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அப்படியே எழுதி, எந்த நொடியில் மூச்சு அறுபடுகிறது என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பும் சேர்த்து அனுப்பினார். மூன்றாம் நாள், நீங்கள் சொன்னதுதான் சரி, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். சரியாகக் கேட்டு, சரியாக எழுதிக் கொடுத்தால் மனிதர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

வேகத்துக்காக எங்களுக்கு ஒரு முறை இருந்தது. படத்தில் வரும் பேச்சைக் கேட்டு அதையே நாம் மைக்கில் திருப்பிச் சொன்னால் கணினி அதை எழுத்தாக்கிவிடும். நாம் நிறுத்தும்வரை மைக் எல்லாவற்றையும் பதிவுசெய்யும். பதிவு தானாகவே சரிபார்ப்பவருக்குப் போய்விடும். சரிபார்ப்பவர் அக்கா.

ஒரு சாயங்காலம், ஐந்து மணி பஸ்ஸுக்கு எல்லாரும் கிளம்பிய பிறகு, ஒரு வேலையைத் திருத்தித் தர வேண்டும் என்று மேனேஜர் என்னை இருக்கச் சொன்னார். நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். நாற்காலியின் முதுகில் கை வைத்தார். பிறகு கை நாற்காலியில் இல்லை. "அடுத்த பஸ்ஸுல போனா என்ன? வீட்டுல யார் தேடப் போறாங்க?" என்றார். "இல்லைங்க சார், அப்பா வந்து நிப்பாருங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் வேறொன்று சொன்னார். அதற்கும் சிரித்தேன். எழுந்திருக்க முடியாதபடி நின்றிருந்தார். நான்கு முறை சிரித்தேன். கீழே விதைக்கடைக்காரர் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டு அவர் விலகியபோது பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மைக்கை நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிடவில்லை. அவரே எழுந்து என் இடத்துக்கு வந்தார். கையில் ஹெட்போன் அப்படியே இருந்தது.

"நேத்துச் சாயந்தரம் இருந்தது நீதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

"நாலு எடத்துல வருது. பட்டியல்ல இருக்கிற பன்னெண்டையும் வச்சுப் பாத்துட்டேன். எதுவும் இல்ல அது." பிறகு என் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, "மூச்சு உள்ளயே போகலயேப்பா உனக்கு" என்றார்.

அப்போதுதான் அழுதேன். அதுவரை, நான் சிரித்தேனே, சிரித்துவிட்டேனே என்றுதான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சிரிப்பே இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதும் எழுதத் தெரியவில்லை.

பராதி கொடு என்று சொன்னது அவர்தான். எங்கள் பக்கத்தில் புகாருக்கு அதுதான் சொல். பயமாக இருக்கிறது என்றேன். "ஒத்தைல நிக்கச் சொல்லல. நான் கூட வாரேன்" என்றார். நான் எழுதினேன், அவர் ஆங்கிலத்தைத் திருத்தினார். பதிவை ஒரு நகல் எடுத்துப் புகாரோடு சேர்த்து அனுப்பினார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பாலக்காட்டில் ஒரு ஹோட்டல் அறையில் நீளமான மேசை போட்டு உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் மேனேஜர். மூவரில் தலைவியாக இருந்த அம்மாள் நல்லபடியாகத்தான் பேசினார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு பதிவைப் போட்டார்கள். என் குரலையே நான் முதல் முறையாகக் கேட்டேன். பதிவில் உள்ளதை அவர்கள் ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு நகல். என் பேச்சுக்குப் பக்கத்தில் நான்கு இடத்தில் 'லாஃப்ஸ்' என்று இருந்தது.

"இவிடெ மோள் சிரிக்கயாணல்லோ" என்றார் அந்த அம்மாள். இங்கே நீ சிரிக்கிறாயே என்று. குற்றம் சொல்லும் குரல் இல்லை அது, சந்தேகம் கேட்கும் குரல்தான்.

அக்காவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவர் உட்காரவில்லை. அந்தத் தாளை வாங்கிப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இது யார் டைப் பண்ணது?"

"அது எதற்கு உங்களுக்கு?" என்றார் மூவரில் ஒருவர்.

"தப்பா இருக்கு சார். இந்த நாலும் தப்பு. மறுபடி போடுங்க, நான் காட்டுறேன்."

போட்டார்கள். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடி விலாவில் கை வைத்துக்கொண்டார். "இந்தா, இது. மனுசன் சிரிச்சா வயிறு எளகும், மூச்சு உள்ள போயிட்டு வெளிய வரும். இங்க உள்ள போகவே இல்ல. இருக்கிற மூச்சத் துண்டு துண்டா வெளிய தள்ளுது இந்தப் பிள்ளை. ரெண்டாவதுல பாருங்க, சிரிப்பு முடிஞ்சப்பறம் எச்சி முழுங்குற சத்தம். சிரிச்சவங்க எச்சி முழுங்க மாட்டாங்க. நாய் மொறைக்கிறப்ப ஓட முடியாத பிள்ளை பல்லக் காட்டும்ல, அது சார் இது. நான் ஒம்பது வருசமா இந்த வேலதான் பாக்குறேன். சிரிப்புன்னு எழுதாதீங்க."

எதிரில் மேனேஜர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே, "இது சிரிப்பு. ஸ்நார்ட். எழுதிக்கோங்க" என்றார்.

அந்த அம்மாள்கூட ஒரு கணம் தாளிலிருந்து நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார். இவ்வளவு சரியாக ஒருவர் சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் பேனாவை மூடிவிட்டு, "நிங்ஙள் பறயுன்னது அபிப்ராயம், உங்கள் கருத்து மட்டும். எங்களுக்குக் கேட்பதைத்தான் எழுத முடியும். கேட்பது சிரிப்பு" என்றார்.

"நீங்க கேக்கல மேடம்" என்றார் அக்கா.

அதோடு அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கே ஆள் வந்தது. அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் விஷயம் இத்தோடு முடியும், வேறு வேலைக்குப் போக நல்ல சான்றிதழ் தருகிறோம், இல்லையென்றால் பதிவு மேலே மேலே போகும், பலர் கேட்க வேண்டிவரும் என்றார்.

அவர் போனபின் அப்பா மீதித் தேங்காயையும் உரித்து முடித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"அம்மிணி, நீ தப்புப் பண்ணிருக்க மாட்ட. அது எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா நாலு பேரு அதைக் கேட்டாங்கன்னா, அவன் பேசுனதச் சொல்ல மாட்டாங்க. நீ சிரிச்சதத்தான் சொல்லுவாங்க."

"எங்க ஆபீசு அக்கா ஒருத்தர் இருக்காங்கப்பா. அவங்க அது சிரிப்பில்லைன்னு…"

"அந்தம்மா ஒருத்திக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? ஊருக்கெல்லாம் அவிய வந்து சொல்லுவாங்களா?"

வந்தவர் விட்டுப்போன தாள் தயாராகவே இருந்தது. ஆறேழு வரி. அதில் ஒரு வரி, சக ஊழியர் ஒருவர் தூண்டியதால் தவறாகப் புரிந்துகொண்டு எழுதினேன் என்று. அந்த வரியை நான் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று பலரிடம் பிறகு சொல்லியிருக்கிறேன். படித்தேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். கேட்டால் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டிவரும் என்று தோன்றியது. போட்டுவிட்டேன்.

அலுவலகப் பதிவை அனுமதியில்லாமல் நகலெடுத்ததாகவும், பொய்ப் புகாரைத் தூண்டியதாகவும் சொல்லி அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். சித்தூரில் அந்த மாதிரி வேலை வேறு இல்லை. வேறு ஊர்க் கம்பெனிகளுக்கு எழுதிப்போட்டார், அவர்கள் எங்கள் கம்பெனியிடம் விசாரித்தார்கள், அதோடு நின்றது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

சான்றிதழ் வாங்கப் போன அன்று சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவர்தான் என்னைப் பார்த்தார். நல்ல வெயில். குடையை மடக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். கோபமாக இருப்பதுபோலத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வந்தவர்போல இருந்தார்.

"அந்த வரிய நீயா எழுதுன? இல்ல அவங்க எழுதி உன்கிட்டக் கையெழுத்து மட்டும் வாங்குனாங்களா?"

இல்லைங்கக்கா என்றாவது, மன்னிச்சுக்குங்க என்றாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது. துண்டு துண்டாக, மூச்சே இல்லாமல், என்னால் நிறுத்த முடியாமல் அவர் முகத்துக்கு நேராகச் சிரித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரைக் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் ஓரடி பின்னால் போனதில் தெரிந்தது.

"பயப்படாதப்பா. நான் உன்னைய ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார். பிறகு, "பஸ் வந்துருச்சு பாரு. ஏறு."

நான் ஏறினேன்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. கோயம்புத்தூருக்குப் போய்விட்டேன். விதைக்கடை மாடியை ஒரு வருஷத்தில் மூடிவிட்டார்கள். இப்போது எழுத்துகளைக் கணினியே போட்டுக்கொள்கிறது. தொலைக்காட்சியில் சில நேரம் பார்ப்பேன். கிழவன் சிரித்தாலும் குழந்தை சிரித்தாலும் 'லாஃப்ஸ்' என்றுதான் வருகிறது. மேனேஜர் வேறொரு கம்பெனியில் இதைவிடப் பெரிய வேலையில் இருக்கிறார். அந்த அலுவலகம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

அந்தக் கையெழுத்துக்கு மூன்று வருஷம் கழித்து, கணவர் வழியில் ஒரு கல்யாணத்துக்காகக் குமுளிக்குப் போனோம். சாமான் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் சக்குபள்ளத்துக்கு ஜீப் ஏறினேன். விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில், தரையில் விரித்த சாக்கில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர். முடி நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, வாசலுக்குக் கூட்டிவந்தார். கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. மன்னிச்சுக்குங்கக்கா என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னேன்.

"சரிப்பா. கேட்டுட்டேல்ல. டீயக் குடி."

"இப்ப நான் உண்மைய எழுதித் தர்றேனுங்கக்கா. நீங்க ஒண்ணும் தூண்டலைன்னு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"யாருக்கு எழுதுவ? ஆபீசே இல்லங்கிற. எழுதி, யார் கைல குடுப்ப?"

உள்ளே பெண்கள் ஏதோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் என்னை அறியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இப்பக் கேக்குறதில்ல. கேட்டு என்ன செய்ய" என்றார்.

மகளைப் பற்றிக் கேட்டேன். காலேஜ் இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டாள், மூணாற்றில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிறாள், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவாள் என்றார். "இன்னைக்கு வருவா. நீ அதுக்குள்ள கெளம்பிரு. அவளுக்கு உன் மொகம் தெரியாது, பேரு தெரியும். எனக்காச்சும் நீ ஏன் சிரிச்சேன்னு தெரியும். அவளுக்கு அதெல்லாம் சொன்னாப் புரியாது. இனிமே வராதப்பா."

தம்ளரை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நான் ரோட்டுக்கு இறங்கி வந்தேன்.

குமுளி போகும் ஜீப் திரும்பி வந்து நின்றபோது அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. அவர் முகம் அப்படியே. நான் ஏறுவதற்கு வழிவிட்டு நின்றவள், என் செருப்பையும் சேலையையும் பார்த்து, "அக்கா, வெளியூரா? யாரப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள்.

ஸ்டோரின் பெயரைச் சொன்னேன். அக்காவின் அடையாளத்தையும் சொல்லிவிட்டேன்.

"எங்கம்மாவையா? சித்தூர் ஆபீசுல இருந்தா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அங்க இருந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து பாத்ததில்லக்கா. அம்மா வாயத் தெறந்து சொல்லாது, ஆனா எதிர்பாத்துட்டே இருந்துச்சு. உங்க பேரு என்னக்கா?"

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஏறி உட்கார்ந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில் வேலைசெய்த, இந்தக் கதையில் ஒரு சம்பந்தமும் இல்லாத ஒருத்தியின் பெயரைச் சொன்னேன்.

"ரொம்ப சந்தோசம்க்கா" என்றாள் அந்தப் பெண். குனிந்து, கதவில் சிக்கியிருந்த என் சேலை முந்தானையை எடுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். ஜீப் கிளம்பியது. ஏலச்செடிகளுக்கு நடுவில் அவள் மேட்டில் ஏறிப் போவது கொஞ்ச தூரம் தெரிந்தது. அந்தப் பெயரை அவள் போய்ச் சொல்லியிருப்பாள். அவர் திருத்தினாரா, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது.